லிண்டா லா பிளாண்ட் நடிப்பிலிருந்து எழுத்துக்கு வந்தது எப்படி?

கேள்வி: மேடைப் பெண், சுங்கை சிப்புட்

வணக்கம். எங்கள் வட்டாரக் கோவில் திருவிழா நாடகங்களில் ஒன்பது ஆண்டுகளாக நடிக்கிறேன். அழுகின்ற மனைவி, அழுகின்ற தங்கை, இப்போது அழுகின்ற தாய். கடைசி நாடகத்தில் எனக்கு ஐந்தே வசனங்கள். மேடையை விட்டு இறங்கியபோது நெஞ்சு எரிந்தது.

நூலகத்தில் லிண்டா லா பிளாண்ட் எழுதிய துப்பறியும் நாவல் ஒன்று கிடைத்தது. முதலில் அவர் நடிகையாம். எப்படி எழுத வந்தார்? நாடகம் முதலிலா, நாவல் முதலிலா? எனக்கும் எழுத வேண்டும்.

பதில்: ஓய்வுபெற்ற ஆசிரியை, ஈப்போ

மகளே, பசியாறக்கூட எழுந்திருக்காமல் இதை எழுதுகிறேன்.

அவர் 1943இல் லிவர்பூலில் பிறந்தவர். லண்டன் ராடா நாடகக் கல்லூரியில் பயின்று, லிண்டா மார்ச்சல் என்ற பெயரில் நடித்தார். 'தி ஜென்டில் டச்' என்ற காவல்துறைத் தொடரிலும் தலைகாட்டியிருக்கிறார். 1983இல் அவர் எழுதிய 'விடோஸ்' (கைம்பெண்கள்) என்ற தொடர் ஐடிவி என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் ஆறு பகுதிகளாக வந்தது. கொள்ளையடிக்கப் போன கணவர்கள் இறந்துவிடுகிறார்கள். அவர்கள் விட்டுச்சென்ற திட்டத்தைக் கைம்பெண்கள் கையில் எடுக்கிறார்கள். பிறர் கதையில் ஓரமாக நின்று அழ வேண்டியவர்கள் இங்கே கதையையே நடத்துகிறார்கள். உனக்குத் திரும்பத் திரும்பக் கொடுத்தார்களே, அதே வேடம்தான். அதைத்தான் அவர் புரட்டிப் போட்டார்.

1991இல் அவர் எழுதிய 'பிரைம் சஸ்பெக்ட்' தொடர் வந்தது. கொலை வழக்கைத் தலைமையேற்று நடத்தும் ஜேன் டெனிசனாக ஹெலன் மிரன் நடித்தார். அவரைப் பெண் என்பதற்காகவே ஏற்க மறுக்கும் ஆண் அதிகாரிகள் சுற்றிலும் இருக்கிறார்கள். இந்தப் பாத்திரம் கற்பனையில் மட்டும் பிறந்ததல்ல. லண்டன் காவல்துறையில் உயர் பதவியில் இருந்த ஜாக்கி மால்டனைச் சந்தித்து, அவருடைய வேலை எப்படி நடக்கிறது என்று கேட்டுக் கேட்டு எழுதினார். அந்தப் பதவியில் அன்று பெண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்தத் தொடரில் எனக்கு மிகவும் பிடித்தது கொலைகாரனைப் பிடிக்கும் இடமல்ல. டெனிசன் அறைக்குள் நுழைந்ததும் விழுகின்ற அமைதிதான்.

நீ மேடையை அறிந்தவள். நாடகமாகவே எழுது. உன் ஜாக்கி மால்டன் யார் என்று மட்டும் தேடிப் பார்.

பதில்: செம்பனைத் தோட்டக் கிராணி, தெலுக் இந்தான்

ஆசிரியை அம்மாவுடன் ஓரிடத்தில் மாறுபடுகிறேன். நாடகம் பல கைகளுக்குப் போகும் பொருள். லா பிளாண்ட் 2015இல் டெனிசனின் இளமைக் காலத்தை நாவலாக எழுதினார். அது 2017இல் தொலைக்காட்சிக்கு வந்தபோது, எடுத்தவர்களோடு ஒத்துப்போகாமல் அவரே விலகிக்கொண்டார். அவ்வளவு பெயர் பெற்றவருக்கே இந்த நிலை. நாவல் அப்படியல்ல, கடைசி வரி வரை அவர் கையில்தான் இருக்கிறது. தங்கையே, முதலில் சிறுகதையாக எழுதி உங்கள் பெயரில் அச்சில் கொண்டுவாருங்கள். பிறகு மேடைக்குக் கொடுக்கலாம்.

பதில்: மேடைப் பெண், சுங்கை சிப்புட்

அம்மா, அண்ணன், இருவருக்கும் நன்றி. நேற்றிரவு என் தாயாரின் பக்கத்தில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தேன். இருபத்திரண்டு ஆண்டுகள் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். பால் வாளிகளைத் தொங்கவிடும் காண்டாக் கம்பைச் சுமந்த தோளில் இன்னும் காய்ப்பு இருக்கிறது. நான் இதுவரை எதுவும் கேட்டதில்லை.

பட்டை ஈரமாக இருந்தால் பால் கோட்டில் இறங்காமல் மரமெங்கும் பரவி ஓடிவிடுமாம். பால் பிடிக்கும் மங்கில் ஒன்றும் சேராது. அதனால் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகும் முன்பே மரத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாராம். பக்கத்து நிரைக்காரி நிறைமாதமாக இருந்தபோது, விடியும் முன்பே எழுந்து அவளுடைய மரங்களையும் இவரே வெட்டியிருக்கிறார், அவளுக்கும் அன்றைய கூலிக்குப் பேர் விழ வேண்டும் என்பதற்காக. வேலையை மேற்பார்க்கும் தண்டலுக்குக் கடைசிவரை தெரியாதாம். சொல்லும்போது அவருடைய வலக்கை தானாகவே கத்தி பிடித்ததுபோல் மடங்கி, சரிவாக இறங்கியது.

அண்ணன் மன்னிக்க வேண்டும், நாடகமாகத்தான் வருகிறது. முதல் காட்சியில் இருட்டு, நெற்றி விளக்கு, இரண்டு பெண்கள். தண்டலுக்கு ஐந்து வசனங்கள் வைத்திருக்கிறேன். மற்றவை எல்லாம் அவர்களுக்கு.