‘அக்கிக் கரப்பான்’ என்னும் சொல் குறித்து

ஐயா, வணக்கம்.

மருத்துவர்கள் ‘எக்ஸிமா ஹெர்பெட்டிகம்’ என்று குறிப்பிடும் கடும் நிலைக்கு ‘அக்கிக் கரப்பான்’ என்னும் சொல்லைத் தாங்கள் முன்மொழிந்திருந்தீர்கள். இரண்டும் நம் சொற்கள், சொல்வதற்கும் எளியவை. ஆயினும் பினாங்கில் கரப்பான் (எக்ஸிமா) என்னும் அரிப்புத் தோல்நோய் உள்ள குழந்தைகளின் பெற்றோருக்காக ஒரு கையேட்டைத் தமிழில் எழுதி வருபவள் என்ற முறையில், இச்சொல்லை ஏற்க எனக்குத் தயக்கம் இருக்கிறது.

தமிழ்த் தொகைச் சொல்லில் தலைமைப் பொருள் பெரும்பாலும் இறுதியில் நிற்கும். ஆகவே அக்கிக் கரப்பான் என்றால் கரப்பானில் ஒரு வகை என்றே வாசகர் கொள்வர். இதுவோ, அரிப்பாலும் வறட்சியாலும் காப்பிழந்த தோலில், உதட்டுக் கொப்புளத்தை உண்டாக்கும் அதே ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் நச்சுயிர் புகுந்து பரவுகின்ற தொற்று. ஒரே அளவிலான கொப்புளங்கள் கொத்தாக எழுந்து உடைந்து, துளையிட்டாற்போன்ற வட்டப் புண்களாகின்றன; காய்ச்சலும் வலியும் சேர்கின்றன. 1887இல் இதனை விவரித்த தோல் மருத்துவர் கபோசியின் பெயரால் வழங்கும் மற்றொரு பெயரும் சின்னம்மையின் சாயலையே சுட்டுகிறது.

அதனினும் பெரிய தடை அக்கி என்னும் சொல்லே. மலாய்க்காரர்கள் ‘காயாப்’ என்பதைத்தான், அதாவது சின்னம்மை நச்சுயிர் நரம்பில் உறங்கிக் கிடந்து பின்னர் உடலின் ஒரு பக்கத்தில் பட்டையாக எழுவதைத்தான், நாம் அக்கி என்கிறோம். அச்சொல்லைக் கேட்டதும் காவி குழைத்து எழுதும் வழக்கம் நினைவுக்கு வரும். என் பாட்டியும் அக்கி எழுதியவர். அவருடைய பரிவை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் தாங்கள் பெயரிட்ட இந்நோய்க்கு அசைக்லோவிர் என்னும் நச்சுயிர் எதிர்ப்பு மருந்து காலம் தாழ்த்தாமல் தொடங்கப்பட வேண்டும். புண் கண்ணருகே வந்தால் கருவிழியே பழுதாகலாம். காவியில் கழியும் ஒரு நாளைக்கூட நாம் இடும் பெயர் தூண்டிவிடக் கூடாது.

எனவே ‘கரப்பான்மேல் கொப்புளத்தொற்று’ என்பதைப் பரிந்துரைக்கிறேன். சொல் நீளந்தான், எனினும் எதன்மேல் எது வந்தது என்பது அதில் தெளிவாக இருக்கிறது. பாக்டீரியாவால் பொன்னிறப் பொருக்குக் கட்டும் நிலையிலிருந்தும் இது வேறுபட்டு நிற்கும்.

உடற்பரப்பில் 90 விழுக்காட்டுக்கு மேல் அழற்சி பரவும் நிலைக்குத் தாங்கள் தந்த ‘செந்தோல்’ பற்றியும் ஒன்று. நம் கருத்த மேனியில் அந்தச் சிவப்பு தெளிவாகத் தெரியாமல், ஊதாவாகவோ சாம்பல் படர்ந்த கருமையாகவோ தோன்றக்கூடும். சிவப்பைத் தேடும் தாய் நோயைத் தவறவிடலாம் என்பதால், கையேட்டில் ‘முழுமேனித் தோலழற்சி’ என்றே எழுதியிருக்கிறேன்.