நாடாப்புழுவின் கிராவிட் (முட்டை நிரம்பிய) ஸ்லைடில் ஒன்றுமே தெரியவில்லை. பன்றி நாடாப்புழு சோலியமா, மாட்டு நாடாப்புழு சாஜினேட்டாவா?

விலங்கியல்_ரெண்டாம்வருஷம்:
அடுத்த வாரம் பிராக்டிகல். நாடாப்புழு ஸ்லைடு ரெண்டு வைப்பாங்க. முதிர்ந்த கண்டத்துல (உடல் துண்டுல) விந்தகம் புள்ளி புள்ளியா இருக்கு, கீழ அண்டகமும் பளிச்சுனு தெரியுது. கிராவிட் கண்டத்துல நடுவுல கிளைகிளையா ஒண்ணு ஓடுது, வேற எதுவுமே இல்ல. சாயம் போயிடுச்சா? தலை இல்லாம எந்த இனம்னு எப்படி எழுதுறது?

பழைய_லேப்காரர்:
சாயம் எங்கயும் போகல தம்பி. நீ பாக்குறது முழுக்கக் கருப்பைதான். ஒவ்வொரு கண்டத்துலயும் ஆண், பெண் உறுப்பு ரெண்டும் வளரும். முட்டை நிரம்ப நிரம்ப மத்தது எல்லாம் சுருங்கி அழிஞ்சிரும். டீனியா (இந்த ரெண்டு இனமும் சேர்ந்த பேரினம்) கருப்பைக்கு வெளிவாசல் கிடையாது, முட்டுச்சந்து. இடம் பத்தாம பக்கவாட்டுல கிளை விடுது. கண்டமே கழண்டு விழுந்தாத்தான் முட்டைக்கு விமோசனம்.

இனம் சொல்ல அந்தக் கிளையை எண்ணு. நடுத்தண்டுல இருந்து புறப்படுற இடத்துல, ஒரு பக்கம் மட்டும். நுனியில எண்ணுனா கெட்டுது, அங்க ஒவ்வொண்ணும் மறுபடி பிரியும். 7 முதல் 13 சோலியம். 12 முதல் 30 சாஜினேட்டா. சரியா 12, 13னு வந்து தொலைச்சா முதிர்ந்த கண்டத்தைப் பாரு: சோலியம் அண்டகத்துல ரெண்டு பெரிய மடலோட, இனப்பெருக்கத் துளை இருக்குற பக்கமா குட்டியா மூணாவது மடல் ஒண்ணு இருக்கும். சாஜினேட்டாவுக்கு ரெண்டுதான்.

தலை கிடைச்சா இந்தப் பாடே இல்ல. சோலியத்துக்கு நாலு உறிஞ்சி, 22 முதல் 32 கொக்கி ரெண்டு வரிசையா. சாஜினேட்டாவுக்கும் உறிஞ்சி நாலுதான், ஆனா கொக்கி இல்லாத மொட்டை.

கால்நடை_டாக்டரம்மா:
நாய்ப்புழு டைபிலிடியத்தையும் நடுவுல சொருகுவாங்க, ஏமாறாதீங்க. கண்டத்தோட ரெண்டு ஓரத்துலயும் துளை இருந்தா அதுதான். கிராவிட்ல கிளை இருக்காது, முட்டை பொட்டலம் பொட்டலமா கிடக்கும்.

விலங்கியல்_ரெண்டாம்வருஷம்:
அப்போ டீனியாவுல துளை ஒரே பக்கமா சார்?

பழைய_லேப்காரர்:
ஒரு கண்டத்துக்கு ஒண்ணுதான். ஆனா ஒண்ணுல இடப்பக்கம், அடுத்ததுல வலப்பக்கம்னு ஒழுங்கில்லாம மாறும். படத்துல எல்லாத்தையும் ஒரே பக்கம் போட்டு வச்சிராத, மார்க் போயிடும்.

இன்னொண்ணு. பின்னாடி லேப் வேலைக்குப் போனா புதுக்கண்டம் கையில வரும். துளை வழியா இந்தியன் இங்க்ங்கற கறுப்பு மையை ஊசியில ஏத்தி, ரெண்டு ஸ்லைடுக்கு நடுவுல அழுத்துனா கிளை கறுப்பா எழும்பும். கையுறை இல்லாம தொடாத. ரெண்டு இனத்து முட்டையும் மைக்ராஸ்கோப்புல ஒரே மாதிரிதான். சோலியம் முட்டை வாய்க்குள்ள போனா லார்வா மூளையிலயே போய் உக்காந்துரும்.