கலைச்சொல் விவாதம்: மணலும் பளிங்குத்தூளும் அப்பிய ஓவியத்துக்கு ஒரு பெயர்

மடல் 1

அனைவருக்கும் வணக்கம்.

நம் ஓவியக் கலைச்சொல் பட்டியலில், மணலும் தூளும் குழைத்து அப்பிச் செய்யும் ‘மேட்டர் பெயிண்டிங்’ என்பதற்கு நேராகப் ‘பொருண்மை ஓவியம்’ என்று போட்டிருக்கிறது. அதை எடுத்துவிட வேண்டும் என்பது என் கருத்து. பொருண்மையியல் என்றால் சொற்பொருளை ஆராயும் துறை. அதனால் படிப்பவர் ‘அர்த்தம் பொதிந்த ஓவியம்’ என்றே எடுத்துக்கொள்வார். ‘பருப்பொருள் ஓவியம்’ என்று மாற்றினாலும் சரிவராது, குடத்தையோ நாற்காலியையோ பார்த்து வரைந்த படம் என்று தோன்றும். நாம் பேசுவதோ எந்தப் பொருளின் உருவத்தையும் காட்டாத அரூப ஓவியம்.

பெயர் வைக்குமுன் செயலைப் பார்ப்போம். இந்த வகைக்குப் பேர்போன ஓவியர் அந்தோனி தாப்பியஸ் (1923–2012) ஸ்பெயினின் பார்சிலோனாவில் பிறந்தவர். இளமையில் நுரையீரல் நோயால் நெடுநாள் படுத்த படுக்கையாக இருந்தார், சட்டப்படிப்பைப் பாதியில் விட்டார். 1948இல் ‘தாவ் அல் செத்’ என்ற கலைக் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். அந்தக் காலத்துப் படங்களில் கனவுச் சாயல் இருக்கும். 1950களில் அந்த வழியை விட்டுவிட்டு, பளிங்குத்தூள், மணல், மண் ஆகியவற்றைப் பிசினோடு குழைத்துக் கித்தானில் (கேன்வாஸ் துணியில்) அப்பத் தொடங்கினார். அப்பியதைக் கீறினார், சுரண்டினார், கிடைத்த பொருளை அழுத்தித் தடம் பதித்தார். கட்டலான் மொழியில் ‘தாப்பியா’ என்றால் சுவர். தன் பெயருக்கும் தன் வேலைக்கும் உள்ள இந்த ஒற்றுமையை அவரே எழுதியிருக்கிறார்.

எனவே ‘காரை ஓவியம்’ என்று முன்மொழிகிறேன். காரை பெயர்ந்த சுவரைப் பார்க்காத தமிழர் இல்லை.

மடல் 2

> ‘காரை ஓவியம்’ என்று முன்மொழிகிறேன்.

ஐயா, சொல் நன்றாக இருக்கிறது. ஆனால் ஈரக் காரை மேல் வண்ணம் தீட்டும் சுவரோவிய முறைக்குத்தான் அது முதலில் பொருந்தும். அங்கே காரை வெறும் தளம், ஓவியம் அதன் மேல் நிற்கிறது. தாப்பியஸிடம் காரையே ஓவியம். அருங்காட்சியகக் குறிப்பில் இரண்டும் ஒரே பெயரில் வந்தால் ஓவியத்தைப் பழுது பார்ப்பவர்தான் முதலில் திண்டாடுவார்.

‘இம்பாஸ்டோ’வுக்கு நாம் வைத்திருக்கும் ‘தடிப்பூச்சு’ இதற்கும் போதாதா என்று யாரேனும் கேட்கக்கூடும். போதாது. வான்கோ செய்தது தடிப்பூச்சு. குழாயிலிருந்து வந்த எண்ணெய் வண்ணமே தடித்து நிற்கும், தூரிகைத் தடம் அப்படியே தெரியும். எண்ணெய் வண்ணம் காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று இறுகுவதால் மேல்தோல் முதலில் கட்டும், உள்ளே வருடக்கணக்கில் இளக்கமாக இருக்கும். தூள் ஏற்றிய கலவையில் உடம்பு தூளால் ஆனது, பிசின் அதைப் பிணைப்பதோடு சரி. தண்ணீர்ப் பிசினாக இருந்தால் தண்ணீர் ஆவியாக ஆவியாகச் சுருங்கி இறுகும். கெடும் விதமும் அதற்கேற்ப மாறுகிறது. ஆகவே தனிப் பெயர் தேவை.

மடல் 3

காரையை விட்டுவிட்டுச் ‘சாந்து’ என்று வைத்தால் என்ன? தூளையும் பிணைப்பானையும் குழைத்த எதுவும் சாந்துதான். சந்தனச் சாந்து, பொட்டுச் சாந்து, கொத்தனாரின் சிமெண்ட் சாந்து. சுவரில்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் அந்தச் சொல்லில் இல்லை. பூசு, அப்பு, கீறு, வழி, பதி என்ற வினைகள் எல்லாம் அதோடு இயல்பாகச் சேரும்.

சொல் பட்டறையில் தாங்குமா என்று பார்க்க, செய்முறையை அதே சொல்லால் எழுதிப் பார்க்கிறேன். தாப்பியஸ் பயன்படுத்திய அதே பிசின் அல்ல, இன்று கடையில் கிடைக்கும் அக்ரிலிக்கை வைத்து:

அக்ரிலிக் மீடியம் (நிறம் சேர்க்காத அக்ரிலிக் பிசின்) 1 பங்கு, மென்மையான பளிங்குத்தூள் 2 பங்கு, இரண்டும் கன அளவில். தூளைக் கொஞ்சம் கொஞ்சமாக மீடியத்தில் தூவிக் கிளற வேண்டும், மீடியத்தைத் தூளில் ஊற்றினால் கட்டி தட்டும். வேகமாக அடித்தால் காற்றுக் குமிழி ஏறி, காய்ந்தபின் ஊசித் துளைகளாக நிற்கும். பட்டித் தகட்டில் எடுத்துக் கவிழ்த்தால் விழாமல் நிற்பதே பதம்.

தூள் அளவு மீறினால் துகள்களுக்கிடையே உள்ள இடைவெளியை நிரப்பப் பிசின் போதாது. காய்ந்த சாந்து சுண்ணக்கட்டி மாதிரி விரலில் ஒட்டும், மேலே பூசும் வண்ணத்தைத் திட்டுத்திட்டாகக் குடிக்கும். இறுகிவிட்டதே என்று தண்ணீர் விட்டு இளக்குவது அதைவிட மோசம். போன தண்ணீரின் அளவுக்குச் சாந்து சுருங்கும், குளத்து வண்டல் போல வெடிக்கும். இளக்க வேண்டுமானால் மீடியத்தையே சேர்க்க வேண்டும்.

ஒரு பூச்சு 3 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். ஒரு நாள் காயவிட்டு அடுத்த பூச்சு போடலாம், மழைக்காலத்தில் இரண்டு நாள்.

கீறும் நேரம்தான் இந்த வேலையின் உயிர். ஈரமாகக் கீறினால் கோட்டின் கரைகள் சரிந்து மூடிக்கொள்ளும். அக்ரிலிக் தோல் கட்டியபின் கீறினால் ரப்பர் நாடா போலப் பிய்ந்து வரும். விரல் வைத்தால் ஒட்டாமல், நகம் வைத்தால் மட்டும் பதியும் அந்தக் குறுகிய இடைவேளைக்குள் கோடு விழ வேண்டும். தூள் கூடிய சாந்தில் கோடு கூர்மையாக விழும், விளிம்பு உதிரும். பிசின் கூடியதில் உதிராது, கோடு மழுங்கும். ஓவியர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்பதிலேயே அவர் கை தெரிந்துவிடும்.

மணல் சேர்ப்பவர்கள் கடல் மணலை அப்படியே போட வேண்டாம். உப்பு ஈரத்தை இழுத்து வெள்ளையாகப் பூக்கும். ஆற்று மணலானாலும் அலசிக் காயவைத்துச் சலிப்பது நல்லது. பளிங்குத்தூளுக்குப் பதில் கோலப்பொடி போடலாமா என்ற கேள்வி அடிக்கடி வரும். அரிசி மாவு கலந்திருந்தால் பூஞ்சை பிடிக்கும். வெறும் கல்பொடியா, எந்தக் கல் என்று தெரிய ஒரு சிட்டிகையில் எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள்: நன்றாக நுரைத்தால் பளிங்கு வகை. நுரைக்காவிட்டால் வேறு கல், படிகக்கல்லாகவும் இருக்கலாம். அந்தத் தூளைச் சுவாசிப்பது நுரையீரலுக்கு ஆபத்து. எந்தத் தூளானாலும் முகக்கவசம் இல்லாமல் கலக்கக் கூடாது.

மடல் 4

சாந்துக்கு என் ஆதரவு. எடையைப் பற்றி ஒன்று சேர்க்க வேண்டும். காய்ந்த சாந்து லிட்டருக்கு 2 கிலோ என்று வைத்தால், ஒரு சதுர மீட்டரில் 3 மில்லிமீட்டர் பூச்சே 6 கிலோ வரும். கூகன்ஹைம் அருங்காட்சியகத்தில் உள்ள தாப்பியஸின் ‘பெரிய ஓவியம்’ (1958) ஏறக்குறைய 2 மீட்டர் உயரம், 2.6 மீட்டர் அகலம், எண்ணெய் வண்ணமும் மணலும் சேர்த்தது. இந்த அளவுக் கித்தானில் மேற்சொன்ன சாந்தை 3 மில்லிமீட்டர் பூசினால் 30 கிலோவைத் தாண்டும். சட்டத்தில் இழுத்துக் கட்டிய கித்தான் அந்தப் பாரத்தில் தொய்யும், தொய்ந்த இடத்தில் சாந்து பிடிப்பு விடும். கித்தானைப் பலகையில் ஒட்டிவிட்டுப் பூசுவதே பாதுகாப்பு.

தஞ்சாவூர் ஓவியர்கள் பலகையில் துணியை ஒட்டித் தளம் கட்டியது இந்த வேலைக்கு நேர் முன்மாதிரி. அவர்கள் சுக்கான் பொடியை (சுண்ணாம்புக்கல் தூளை)க் கோந்தில் குழைத்துப் புடைப்பு எடுப்பதை ‘மக்கு வேலை’ என்பார்கள். அந்தச் சொல்லை இங்கே இழுக்க வேண்டாம். மக்கு, கல் பதித்துப் பொன்தாள் ஒட்டுவதற்கான அடி. கடைசியில் அது கண்ணில் படாது. சாந்து ஓவியத்தில் கண்ணில் படுவதே சாந்துதான்.

மடல் 5

ஆட்சேபம் ஒன்று. சந்தி சேர்த்துச் ‘சாந்தோவியம்’ என்று எழுதினால் சாந்தமான ஓவியம் என்று படிப்பார்கள். இரண்டு சொல்லாகவே இருக்கட்டும்.

இன்னொன்று, வெடிப்பு எப்போதும் குறையல்ல. இத்தாலியின் அல்பெர்த்தோ புர்ரி 1970களில் ‘கிரெத்தி’ என்ற வரிசையில், காயும்போது வெடிக்கும்படியே வெள்ளைக் களிமண்ணும் பிசினும் குழைத்துப் பலகையில் தடித்துப் பூசினார். வெடிப்பே அங்கே கோடு. ஆகவே பட்டியலில் ‘வெடிப்பு’ என்பதைப் பழுதுகள் வரிசையில் மட்டும் போடாமல், ‘வெடிப்பு வேலை’ என்று உத்திகள் வரிசையிலும் போட வேண்டும்.

மடல் 6

‘காரை ஓவியம்’ என்ற முன்மொழிவைத் திரும்பப் பெறுகிறேன். பதிவுக்கு இந்த வரைவு:

சாந்து: பளிங்குத்தூள், மணல், மண் போன்ற தூளைப் பிசினில் குழைத்த கலவை. சாந்து ஓவியம்: சாந்தின் திரட்சியும் அதில் விழுந்த கீறலும் தடமுமே உருவமாக அமையும் ஓவியம். தடிப்பூச்சு: தூள் சேர்க்காத வண்ணத்தின் தடித்த பூச்சு, இதிலிருந்து வேறு.

காட்சிக் குறிப்பில் ‘கலப்பு ஊடகம்’ என்று மட்டும் எழுதி முடிப்பதை இனியாவது தவிர்க்கலாம். பழுது பார்ப்பவருக்கு அதில் ஒரு தகவலும் இல்லை. ‘பலகையில் ஒட்டிய கித்தான், அக்ரிலிக் பிசினில் பளிங்குச் சாந்து, ஆற்று மணல், எண்ணெய் வண்ணம்’ என்று அடியிலிருந்து மேலாக, பூசிய வரிசையில் எழுத வேண்டும்.