ஒரு பகல் மட்டும் கொழும்பில்: வழி சொல்லுங்கள்

வணக்கம் உறவுகளே. லண்டனில் இருக்கும் என் அக்கா குடும்பம் அடுத்த மாதம் உல்லாசக் கப்பலில் கொழும்புக்கு வருகிறார்கள். ஆறு வருடத்துக்குப் பிறகு பார்க்கப் போகிறோம். காலை 8 மணிக்குக் கப்பல் வரும், மாலை 5 மணிக்குள் திரும்பவும் ஏறிவிட வேண்டும். பெரியவர்கள் இரண்டு பேர், பிள்ளைகள் மூன்று பேர்.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் கொச்சிக்கடை பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில் இருப்பதால் அங்கிருந்து தொடங்கலாம் என்று நினைக்கிறேன். மதியம் நடை சாத்துமுன் போய்விடலாம். கருங்கல் தூண்களைப் பிள்ளைகள் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அப்புறம் புறக்கோட்டை சிவப்புப் பள்ளிவாசல். தாமரைக் கோபுரத்தை வெளியில் நின்று பார்த்தால் போதும்.

மதியச் சாப்பாடு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில்தான். அம்மா கூழுக்கான ஒடியல் மாவை (காய்ந்த பனங்கிழங்கு மாவு) இப்போதே சலித்துப் போத்தலில் போட்டு வைத்துவிட்டார். கூழ் குடிக்காமல் ஒருவரையும் கப்பலுக்கு விடமாட்டார்.

கோட்டை ரயில் நிலையத்திலிருந்து வெள்ளவத்தைக்குக் கரையோர ரயிலில் கூட்டி வரலாமா? கொள்ளுப்பிட்டி தாண்டினால் கடல் ஜன்னலோடு ஒட்டியே வரும், பிள்ளைகள் மறக்கவே மாட்டார்கள். ஆனால் திரும்பும்போது காலி வீதி நெரிசலை நினைத்தால் பயமாக இருக்கிறது. வீட்டிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பினால் சரி? நாங்கள் பிடிக்கும் வாடகை வான் துறைமுக வாசல் வரை போகுமா, இல்லை வெளியில் நிற்க வேண்டுமா? அண்மையில் இப்படி யாரையாவது கூட்டி வந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.