பொருள்: மலர்க் கட்டுரை – தில்லி அலாய் தர்வாசா, மதுரைப் பொன் பற்றி

சங்கத்துச் சொந்தங்கள் எல்லோருக்கும் வணக்கம், ஸலாம்.

விழா மலருக்கு வந்த கட்டுரைகளை அண்ணன் மடற்குழுவில் போட்டிருந்தார்கள். எல்லாவற்றையும் படித்தேன். பழைய பாண்டி நாடு பற்றிய கட்டுரையில் ஒரு வரி: 'மாலிக் காபூர் மதுரையிலிருந்து அள்ளிக்கொண்டு போன பொன்னால் கட்டியதுதான் தில்லி குதுப் பள்ளிவாசலின் அலாய் தர்வாசா.' நம் ஊர்ப் பக்கம் ரொம்ப நாளாகப் புழங்குகிற பேச்சு இது. நானும் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். அலாய் தர்வாசா என்பது சுல்தான் அலாவுதீன் கில்ஜி அந்தப் பள்ளிவாசலுக்குக் கட்டிய தெற்கு வாசல். மாலிக் காபூர் அவருடைய தளபதி. அச்சுக்குப் போகுமுன் இதைத் திருத்த வேண்டும் என்பதால்தான் இந்த மடல். நான் இருப்பது அந்தப் பள்ளிவாசல் இருக்கிற மெஹ்ரோலிக்குப் பக்கத்தில். அந்த வாசலுக்கு அடிக்கடி போகிறவன்.

முதலில் தேதிகளைப் பார்த்துவிடலாம். வாசல் சுவரில் பொறித்திருக்கும் ஆண்டு ஹிஜ்ரி 710. அந்த ஹிஜ்ரி ஆண்டு 1311 மே மாதத்தோடு முடிந்துவிட்டது. மாலிக் காபூர் ஹொய்சளர் தலைநகரான துவாரசமுத்திரத்திலிருந்து பாண்டி நாட்டை நோக்கிப் புறப்பட்டதே 1311 மார்ச்சில்தான். ஏப்ரல் கடைசியில் திரும்பக் கிளம்பி, அந்த ஆண்டு அக்டோபரில் தில்லி போய்ச் சேர்ந்தார். ஆக, மதுரையின் யானைகளும் பொன்னும் தில்லிக்குள் நுழைவதற்குப் பல மாதம் முன்பே வாசலில் எழுத்து வெட்டியாகிவிட்டது. அந்தப் பொன் இந்த வாசலுக்குப் போயிருக்க வழியே இல்லை.

அப்படியானால் அந்தப் பொன் எங்கே போனது? இதற்குப் பதில் இருக்கிறது. ஜியாவுதீன் பரனி என்ற வரலாற்றாசிரியர், தில்லி சிரி அரண்மனையில் சுல்தான் அலாவுதீன் கில்ஜி தன் அமீர்களுக்கு (பிரபுக்களுக்கு) ஆளுக்கு நான்கு மணங்கு, இரண்டு மணங்கு, ஒரு மணங்கு, அரை மணங்கு (அந்தக் காலத்து எடை அளவு) என்று தங்கத்தைப் பிரித்துக் கொடுத்ததை எழுதிவைத்திருக்கிறார். தென்னாட்டுச் செல்வத்தில் ஒரு பங்கு போன இடம் அது. கொண்டுவந்த கணக்கிலேயே ஆளுக்கு ஆள் வேறுபாடு உண்டு. அதே காலத்தில் வாழ்ந்த கவிஞர் அமீர் குஸ்ரோ யானைகள் 512 என்கிறார், குதிரைகள் 5,000 என்கிறார். சுமார் நாற்பத்தைந்து ஆண்டு கழித்து எழுதிய பரனி அதை 612 யானை, 20,000 குதிரை ஆக்கிவிடுகிறார். மலரில் எண் போடுவதாக இருந்தால் குஸ்ரோ சொன்னதையே போடலாம் என்பது என் எண்ணம். பரனியின் எண் வேண்டுமென்றால் அவர் பெயரையும் சேர்த்துப் போடவேண்டும்.

தெற்கிலிருந்து வந்த பணம் எதுவுமே இந்தக் கட்டடத்தில் இல்லை என்று நான் சொல்லவரவில்லை. அலாவுதீன் அரியணை ஏறியதே 1296-இல் தேவகிரியைக் கொள்ளையிட்ட பணத்தை வாரி இறைத்துத்தான். வாரங்கல் காகதீயரிடம் வாங்கிய திறை 1310 ஜூனில் தில்லி வந்தது. அந்தக் காலத்து அரசு வேலைகள் இந்தக் கருவூலத்தை நம்பித்தான் நடந்தன. மதுரையைத் தனியாகப் பிரித்து இந்த வாசலோடு முடிச்சுப் போடுவதுதான் பொருந்தவில்லை.

இனி வாசலைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். கட்டுரையில் இதற்கு இடமே கொடுக்கவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய குறை.

இந்த வாசல் சேர்ந்த பள்ளிவாசல், பின்னாளில் தில்லி சுல்தானான குதுப்புதீன் ஐபக் 1190களில் தொடங்கியது. 27 கோயில்களின் கற்களை எடுத்துக் கட்டியதாக அதன் கிழக்கு வாசல் கல்வெட்டே சொல்கிறது. உள்ளே போனால் மணியும் சங்கிலியும் செதுக்கிய தூண்கள் வரிசையாக நிற்கும். 1199-இல் தொழுகைக் கூடத்துக்கு முன்னால் பெரிய வளைவுச் சுவர் எழுப்பினார்கள். பார்க்கத்தான் அது வளைவு. கட்டியவர்கள் உள்ளூர்க் கல்தச்சர்கள். அவர்களுக்குப் பழகிய முறையில் ஒரு கல்லின்மேல் அடுத்த கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னுக்குத் தள்ளி அடுக்கி, இரண்டு பக்கத்தையும் உச்சியில் சேர்த்துவிட்டார்கள். நம் பக்கம் கதலிகாகரணம் என்பார்களே, தஞ்சைப் பெரிய கோயில் விமானம் உள்ளே எழும்பியிருக்கிற முறை, அதே வகை. கோயிலுக்கு அது அருமையாகப் பொருந்தும். அகலமான வாய் வைத்த வளைவுக்குத்தான் தாங்காது.

ஆப்பு மாதிரி வெட்டிய கற்களை ஒன்றையொன்று நெருக்கி நிற்கவைக்கும் உண்மையான வளைவு, சில தலைமுறை கழித்துத் தில்லி சுல்தான் பல்பன் சமாதியில் வருகிறது. அதுவும் மெஹ்ரோலியில்தான், குதுப் மினாரிலிருந்து கொஞ்ச தூரம். ஆனால் அது இடிந்து கிடக்கிறது. அந்த முறையில் வளைவும் குவிமாடமும் முழுசாகத் தேர்ந்து, இன்றுவரை கலையாமல் நிற்பது அலாய் தர்வாசாவில்தான். உள்ளே சுமார் 34 அடிச் சதுரம், சுவர்த் தடிப்பு 11 அடி. சதுரத்தின் நாலு மூலையிலும் ஒன்றுக்குள் ஒன்றாக உள்வாங்கும் சிறு வளைவுகள் வைத்து அதை எண்கோணமாக்கி, அதன்மேல் குவிமாடத்தை உட்காரவைத்திருக்கிறார்கள். நடுவில் தூண் எதுவும் கிடையாது. நம் ஊர்க் கொத்தனார் யாராவது தில்லி வந்தால் முதலில் இந்த மூலையைத்தான் நான் காட்டுவேன்.

வெளியே சிவப்பு மணற்கல், அதில் வெள்ளைச் சலவைக்கல் பட்டைகள், பட்டைகளில் குர்ஆன் வசனங்கள். மூன்று பக்கத்து வளைவு குதிரை லாடம் போல வளைந்து உச்சியில் கூராகும். வளைவின் உள்விளிம்பு முழுக்கத் தாமரை மொட்டு தொங்கும். பள்ளிவாசல் முற்றத்தைப் பார்த்த வடக்குப் பக்கம் மட்டும் அரைவட்டம், சுற்றிலும் கொடியும் பூவும். மேற்காசியாவிலிருந்து வந்த கைகளும் இந்த மண்ணின் கல்தச்சர் கைகளும் ஒரே கட்டடத்தில் சேர்ந்து வேலை செய்தது அங்கே கண்ணுக்குத் தெரியும். நான் அந்த வடக்கு முகத்துக்கு முன்னால்தான் அதிக நேரம் நிற்பேன்.

அலாவுதீன் பள்ளிவாசலைப் பல மடங்கு பெரிதாக்க நினைத்தார். வாசல்களையும் பல பக்கமும் திட்டமிட்டார். இன்று முழுசாக நிற்பது இந்தத் தெற்கு வாசல் ஒன்றுதான். குதுப் மினாரைப் போல இருமடங்கு உயரத்துக்குத் தொடங்கிய அலாய் மினார் முதல் அடுக்கோடு, சுமார் 80 அடியில் நின்றுவிட்டது. 1316-இல் சுல்தான் இறந்தபின் யாரும் அதைத் தொடவில்லை.

மதுரையோடு இந்தப் பள்ளிவாசலுக்கு உண்மையான ஒரு தொடர்பு வேண்டுமென்றால், மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதாவை எழுதலாம். 1334 வாக்கில் தில்லி வந்து, முகமது பின் துக்ளக் ஆட்சியில் காஜியாக (நீதிபதியாக) இருந்தவர். இந்தப் பள்ளிவாசலையும், முடியாமல் நின்ற மினாரையும் நேரில் பார்த்து எழுதியிருக்கிறார். பிறகு 1340களில் நம் மதுரைக்கும் வந்தார். அப்போதைய மதுரை சுல்தான் கியாசுதீன் தாம்கானி அவருக்குச் சகலை முறை. அங்கே கண்ட கொடுமைகளையும், ஊரில் பரவிய கொள்ளைநோயையும் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். இரண்டு ஊரையும் கண்ணால் பார்த்தவர் எழுத்து, மலரில் ஒரு பத்தி வந்தால் நன்றாக இருக்கும்.

அந்த வரிக்குப் பதிலாக இதைப் போடலாம் என்று நினைக்கிறேன்: 'மாலிக் காபூர் மதுரையிலிருந்து தில்லி திரும்பிய அதே 1311-ஆம் ஆண்டில், அவர் போய்ச் சேருமுன்பே, குதுப் பள்ளிவாசலின் தெற்கு வாசலான அலாய் தர்வாசாவில் கல்வெட்டு பொறித்தாகியிருந்தது.' கட்டுரை எழுதிய மாமாவிடம் கேட்டுவிட்டு மாற்றுங்கள், அவர் உழைப்பு பெரியது. படம் வேண்டுமென்றால் இந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் வடக்கு முகத்தையும் உள் மூலையையும் எடுத்து அனுப்புகிறேன். மலர் எப்போது அச்சுக்குப் போகிறது என்று மட்டும் யாராவது சொல்லுங்கள்.

அன்புடன்,
தில்லியிலிருந்து உங்கள் தம்பி