பொதியந்து: செம்பனையைத் தின்னும் ‘ஊலாட் புங்குஸ்’ பூச்சிக்கு ஒரு தமிழ்ச்சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு, மலேசியாவின் தெலுக் இந்தானிலிருந்து வணக்கம்.

செம்பனை (எண்ணெய்ப்பனை) மட்டைகளில், தான் கட்டிய பைக்குள் இருந்தபடி தொங்கும் பூச்சியை மலாயில் ‘ஊலாட் புங்குஸ்’ என்பார்கள். அதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற பேச்சு, கோவை ஐயா முன்வைத்த ‘கூட்டுப்புழு’வில் வந்து நிற்கிறது. அதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. பாடநூலில் முட்டை, புழு, கூட்டுப்புழு, முதிர்பூச்சி என்று நான்கு பருவம் படிக்கிறோம். பூச்சிக்கே அந்தப் பெயரை வைத்துவிட்டால், அதன் மூன்றாம் பருவத்தைக் ‘கூட்டுப்புழுவின் கூட்டுப்புழு’ என்றல்லவா எழுத வேண்டிவரும்? ‘மூட்டைப்புழு’ என்றால் படிப்பவர் நினைப்பு நேரே கட்டிலுக்குப் போய்விடும். ‘பைப்புழு’ இவற்றுக்குத் தேவலாம். ஆனாலும் பைங்கிளி, பைந்தளிர் என்று கேட்டுப் பழகிய காதில் ‘பை’ பச்சையாகவும் விழும்.

என் பெரிய மறுப்பு ‘புழு’ என்ற பகுதிமேல்தான்.

என் அப்பா தோட்டத்தில் மருந்தடிக்கும் ஆட்களுக்கு மண்டோராக (மேற்பார்வையாளராக) இருந்தவர். நான் நான்காம் வகுப்பு படித்தபோது, மட்டையிலிருந்து பிய்த்த பை ஒன்றைக் கொண்டுவந்து, சமையல்கட்டு மேசையில் பிளேடால் கீறிக் காட்டினார். என் சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றே நீளம். வெளியே காய்ந்த ஓலைத் துணுக்குகள் செதில் செதிலாக ஒட்டியிருந்தன. உள்ளே பட்டு இழைத்த வழவழப்பு. அதற்குள் மஞ்சள் பாய்ந்த வெண்மையில் கொழுகொழுவென்று ஒன்று கிடந்தது. சிறகு இல்லை, கால் என்று சொல்லவும் ஒன்றும் இல்லை. “புழுதானேப்பா?” என்றேன். “இல்லம்மா, இது தாய். வயிறு பூரா முட்டை” என்றார்.

அந்தப் பதிலில்தான் இந்தப் பூச்சியின் கதையே இருக்கிறது. மெத்திசா பிளானா என்ற இந்த இனத்தில் பெண், வளர்ந்து முடிந்த பிறகும் பையை விட்டு வெளியே வருவதில்லை. சிறகுள்ள ஆண்தான் வாசம் பிடித்துத் தேடிவந்து, வெளியே இருந்தபடியே தன் அடிவயிற்றைப் பைக்குள் நீட்டிக் கூடும். நூறு முதல் முந்நூறு முட்டைகளை உள்ளேயே இட்டுவிட்டுத் தாய் செத்துப்போகும். பொரித்த குஞ்சுகள் நூல் விட்டுக் காற்றில் மிதந்து அடுத்த மரத்துக்குப் போய், முதல் வேலையாகத் தத்தமக்கு ஒரு பை கட்டிக்கொள்ளும். இப்படிப்பட்ட உயிரைப் புழு என்றே அழைத்தால், முட்டையோடு இருக்கும் தாயையும் மாணவர்கள் புழு என்றுதான் எழுதுவார்கள். நான் திருத்திய விடைத்தாள்களில் அதைப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே என் பரிந்துரை: பொதியந்து. பை ‘பொதி’, இளம்பருவம் ‘பொதியந்துப் புழு’, வளர்ந்தவை ‘ஆண் பொதியந்து’, ‘பெண் பொதியந்து’. இது சேர்ந்த அறிவியல் குடும்பமான சைக்கிடே என்பதற்குப் ‘பொதியந்துக் குடும்பம்’. மலாய்க்காரர்கள் ‘புங்குஸ்’ என்று சொல்வதும் பொதியைத்தான். ‘தே தாரேக் புங்குஸ்’ என்று தேநீரைப் பொட்டலமாகக் கட்டி வாங்காத நம்மவர் யார்?

‘அந்து’ அரிசியில் விழும் பூச்சிக்கு மட்டும் உரியதல்லவா என்று சிலர் கேட்கலாம். பாடநூல்கள் அந்துப்பூச்சி என்பதை என்றோ பொதுப்பெயர் ஆக்கிவிட்டன. அதோடு, வகைப்பாட்டில் இந்தக் குடும்பம் துணியரிக்கும் அந்துகளோடு தினியோய்டியா என்ற ஒரே பெருங்குடும்பத்தில் இருக்கிறது. பட்டுப்பூச்சியைவிட அந்துக்குத்தான் இது நெருங்கிய உறவு. வீட்டுச் சுவரில் சாம்பல் நிறத்தில் தட்டையான பையை இழுத்துக்கொண்டு ஊருமே, அதுவும் இந்தப் பெருங்குடும்பம்தான். ஆனால் குடும்பம் வேறு. அதைப் பொதியந்து என்று சொல்லக் கூடாது.

எங்கள் கீழ்ப்பேராக் பக்கம் இது வெறும் சொல்லாராய்ச்சி இல்லை. இலை கருகி, தீப்பிடித்ததுபோல் நிற்கும் செம்பனை வரிசைகளை இங்கே அடிக்கடி பார்க்கலாம். விளைச்சல் 40 விழுக்காடு வரை விழும். 2013இல் அரசாங்கம் இதை ஆபத்தான பீடை என்று அரசிதழில் அறிவித்தது. அந்த அறிவிப்பைத் தமிழில் சொல்ல நம்மிடம் ஒரு சொல் வேண்டாமா?

*

அன்புத் தங்கைக்கு,

‘கூட்டுப்புழு’வைத் திரும்பப் பெறுகிறேன். இருந்தாலும், பொதி என்றால் கழுதை முதுகில் ஏற்றும் சுமை அல்லவா? இதுவோ உடுத்திக்கொண்டது. ‘உறையந்து’ என்றால் என்ன?

கோவையிலிருந்து.

*

ஐயா, வணக்கம்.

பெயர்ச்சொல்லாக மட்டும் பார்த்தால் சுமைதான். வினையைப் பாருங்கள்: ‘பொருள் பொதிந்த பேச்சு’ என்கிறோம். உள்ளே அடங்கி மறைந்திருப்பதும் பொதிதல்தானே? இந்தப் புழுவோ தலையையும் முன்கால்களையும் மட்டும் நீட்டி, பையைச் சுமந்தபடிதான் நடக்கிறது. சுமையும் மறைவும் ஒரே சொல்லில் கிடைக்கின்றன. ‘உறை’க்குத் தங்கு, இறுகு என்று வேறு பொருள்கள் குறுக்கே வருகின்றன.

செம்பனையைத் தின்னும் மூன்று பொதியந்து இனங்களின் பெயர்களுக்கும் உங்கள் கருத்து வேண்டும். கூட்டுப்புழுப் பருவத்தில் மெத்திசா பிளானாவின் பை கொக்கி போன்ற சிறு பட்டுக் காம்பில் மாட்டியிருக்கும். அதைக் ‘கொக்கிப் பொதியந்து’ எனலாம். தெரோமா பெண்டுலாவின் பை நீண்ட நூலில் நேராகத் தொங்கும். தொங்குவதைத் தூங்குவது என்ற பழைய வழக்கு தூங்கணாங்குருவியில் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதனால் ‘தூங்கு பொதியந்து’ என்று எழுதி வைத்திருக்கிறேன். மகாசேனா கார்பெட்டிதான் பாக்கி. அதன் பை மூன்றிலும் பெரிது, ஓலைத்துண்டுகள் முரட்டுத்தனமாகத் துருத்திக்கொண்டிருக்கும். ‘முரட்டுப் பொதியந்து’ சரிவருமா ஐயா?