ஆறரைக்குள் வீடு திரும்பும்படி அக்கவுண்ட்ஸ் வேலை: எதற்கு அப்ளை பண்ணுவது?

வீரபாண்டி அம்மா

எல்லோருக்கும் வணக்கம்ங்க. திருப்பூர் வீரபாண்டிப் பக்கம் இருக்கிறோம். பி.காம். முடித்து ஒரு ஆடிட்டர் ஆபீஸில் ஆறு வருஷம் வேலை பார்த்தேன். டேலி (கணக்கு எழுதும் சாஃப்ட்வேர்), ஜிஎஸ்டி ரிட்டர்ன், டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடிக்கிற வரி) எல்லாம் பழக்கம். சின்னவள் பிறக்கப்போகும் நேரம், 2021 கடைசியில் வேலையை விட்டது, அப்படியே நின்றுவிட்டது. இந்த ஜூனில் அவள் எல்கேஜி, பெரியவன் நாலாவது. ஸ்கூல் வேன் சாயங்காலம் நாலேகாலுக்கு இறக்கிவிடும். எதிர்வீட்டு அத்தை ஆறரை வரைக்கும் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். அதற்கு மேல் அவரைக் கேட்பது நியாயமில்லை, அவர் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டுமே. வீட்டுக்காரர் மெர்ச்சண்டைசர், பையர்களோடு (சரக்கு வாங்குகிற கம்பெனிகள்) பேசி ஆர்டரைக் கவனிக்கிற வேலை, வர ஒன்பது ஒன்பதரை ஆகிவிடும்.

இப்போது கைவசம் மூன்று இடம் இருக்கிறது. அவினாசி ரோட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனி, அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட், ஒன்பதிலிருந்து ஆறு, சம்பளம் 18,000, பிஎஃப், இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) உண்டாம். காதர்பேட்டையில் பனியன் மொத்தக் கடை ஒன்று, பில்லிங், பத்திலிருந்து ஆறு, 15,000. ராயபுரத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீஸ், பத்திலிருந்து ஐந்தரை, 13,000. என் மனசு ஆடிட்டர் ஆபீஸ் பக்கம்தான் போகிறது, நேரம் குறைவு என்பதால்.

போன வாரம் வேறொரு கம்பெனிக்கு நேரில் போனேன். டேலியில் எண்ட்ரி போடச் சொன்னார்கள், போட்டேன். அப்புறம் "குழந்தைங்க இருக்காங்களா?" என்றார் மேனேஜர். ரெண்டு பேர் என்றதும் "போன் பண்றோம்மா" என்று பயோடேட்டாவை மடித்து வைத்துவிட்டார். அதிலிருந்து, குழந்தைகளைப் பற்றிச் சொல்வதா மறைப்பதா என்று ஒரே குழப்பம். நடுவில் விட்டுப்போன வருஷங்களை எப்படி எழுதுவது என்றும் சொல்லுங்கள்.

இன்னொன்று. தெருமுனை மளிகைக் கடைக்கும், ஒரு ஜாப் ஒர்க் (மற்ற கம்பெனிகளுக்குக் கூலிக்குச் செய்து கொடுக்கிற) தையல் யூனிட்டுக்கும் வீட்டிலிருந்தே ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கிறேன். அதையெல்லாம் பயோடேட்டாவில் எழுதலாமா, சில்லறை வேலை என்று நினைப்பார்களா?

பல்லடத்துக்காரி

யோசிக்காமல் எக்ஸ்போர்ட் கம்பெனிக்குப் போங்க. இஎஸ்ஐ இருந்தால் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலும் செலவு இல்லை. பெரிய கம்பெனி என்றால் குழந்தைகள் காப்பகமும் இருக்கும், 50 பேர் இருந்தாலே வைத்தே ஆகணும் என்று 2017லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் போர்டை மட்டும் பார்த்துவிட்டு நம்பாதீங்க. உள்ளே ஆயா இருக்காங்களா, பாய் விரிச்சிருக்கா, நிஜமாகவே குழந்தைகள் இருக்கா என்று எட்டிப் பாருங்க.

பேரேடு

வணக்கம்ங்க. நானும் இதே ஊரில், இதே வேலையில், ரெண்டு பசங்களை வைத்துக்கொண்டு ஓட்டியவள்தான். இப்போது என்னிடம்தான் பயோடேட்டா வருகிறது, அதனால் மேஜைக்கு அந்தப் பக்கத்தையும் கொஞ்சம் சொல்ல முடியும்.

நீங்கள் மூன்று இடத்துக்கும் நேரத்தை மட்டும் எழுதியிருக்கிறீர்கள். போர்டில் எழுதுகிற நேரம் அக்கவுண்ட்ஸ்காரர்களுக்கு ஒத்துவராது. நமக்குத் தேதிதான் கணக்கு. எந்த வேலை எந்தத் தேதியில், எந்தக் கிழமையில் இருட்டும் என்று பார்த்துவிட்டு அப்புறம் அப்ளை பண்ணுங்கள்.

முதலில் காதர்பேட்டை. பில்லிங் என்றால் சரக்கு வெளியே போகிற வரைக்கும் உங்களால் எழுந்திருக்க முடியாது. காலையில் பார்ட்டிகள் வந்து சேம்பிள் பார்ப்பார்கள், மத்தியானம் பேரம், பார்சல் கட்டுவது சாயங்காலம்தான். வெளிமாநில லோடு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் (சரக்கோடு போக ஆன்லைனில் எடுக்கிற சீட்டு) இல்லாமல் லாரி நகராது. அந்த பில்லைப் போடப்போவது நீங்கள். ஐந்தே முக்காலுக்குப் பையை எடுக்கும்போதுதான் "அம்மணி, ஒரே ஒரு பார்சல்" என்பார் முதலாளி. தீபாவளிக்கு முந்தின ரெண்டு மாசம் அது தினப்படி நடக்கும். உங்களுக்கு ஆறரைக்குப் பிறகு ஆள் இல்லை. இதை விட்டுவிடுங்கள்.

ஆடிட்டர் ஆபீஸ் உங்களுக்கே தெரிந்த இடம், ஆனால் மறந்துவிட்டீர்கள் போலிருக்கிறது! ஐந்தரை என்பது நவம்பருக்கும் மே மாசத்துக்கும்தான். ஜூலையில் ஆரம்பித்தால் செப்டம்பர் 30 ஆடிட் ரிப்போர்ட் கெடு முடிகிற வரைக்கும் ஐந்தரையாவது ஒன்றாவது. நீங்கள் இப்போது சேர்ந்தால் நேராக சீசனுக்குள்தான் போய் விழுவீர்கள். ஆறேழு பேர் இருக்கிற ஆபீஸ் என்றால் பிஎஃப், இஎஸ்ஐ இரண்டும் எதிர்பார்க்க முடியாது. நல்லது ஒன்று உண்டு: குழந்தைகளுக்கு முழுப் பரீட்சை லீவு விடுகிற ஏப்ரல் கடைசி, மே மாசத்தில் அங்கே வேலை லேசாக இருக்கும், லீவு கேட்டால் முகம் சுளிக்க மாட்டார்கள்.

எக்ஸ்போர்ட் கம்பெனியில் மாசத்துக்கு ஒரு ஒழுங்கு இருக்கும். 7ஆம் தேதி டிடிஎஸ் கட்டணும். 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, அதாவது விற்பனைக் கணக்கு. 14ஆம் தேதி 2பி (நாம் வாங்கியதற்கான ஜிஎஸ்டி பட்டியல்) வந்துவிடும், அதை வைத்துப் பர்ச்சேஸ் பில்லை ஒத்துப்பார்க்க உட்காரணும். 15 பிஎஃப், இஎஸ்ஐ. 20ஆம் தேதி 3பி, அதாவது வரி கட்டுகிற மாச ரிட்டர்ன். இதில் 11, 20 ரெண்டுக்கும் முந்தின நாள் நேரமாகும் என்று முன்கூட்டியே தெரியும். நாள்காட்டியில் வட்டம் போட்டு வைத்தால் அந்த ரெண்டு சாயங்காலத்துக்கும் வீட்டுக்காரரைச் சீக்கிரம் வரச்சொல்லலாம். தினமும் எப்போது விடுவார்கள் என்று தெரியாமல் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

ஆனால் அங்கே ஒரு கேள்வி கேட்டாக வேண்டும்: "வாரச் சம்பளம் யார் போடுவாங்க?" வெளியூர்க்காரர்கள் படித்தால் புரியாது. திருப்பூரில் டைலர், செக்கிங், பேக்கிங் ஆட்களுக்குச் சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம். ஒன்றரை ஷிப்ட் ஓடுகிற கம்பெனியில் அந்தச் சம்பளக் கவர் போட்டு முடிக்க எட்டு, எட்டரை ஆகும். நோட்டு எண்ணி, அட்வான்ஸ் கழித்து, பேர் எழுதி, ஒரு கவரில் நூறு ரூபாய் குறைந்தால் மொத்தத்தையும் பிரித்து மறுபடி எண்ணணும். அந்த வேலை அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட் தலையில் இருக்கிறதா, டைம் ஆபீஸ் (ஆட்களின் வருகைக் கணக்கு பார்க்கிற பிரிவு) பார்த்துக்கொள்கிறதா, பேங்கில் நேரடியாகப் போட்டுவிடுகிறார்களா என்று கேளுங்கள். பேங்க் என்றால் கண்ணை மூடிக்கொண்டு சேரலாம். கவர் என்றால் சனிக்கிழமைக்கு ஒரு ஏற்பாடு செய்துவிட்டுச் சேருங்கள்.

சம்பளம் 18,000 என்றால் கையில் எவ்வளவு என்றும் கேட்டுவிடுங்கள். இஎஸ்ஐ பிடித்தம் 0.75 சதவீதம்தான், 135 ரூபாய். பிஎஃப் 12 சதவீதம், பேசிக்கை எவ்வளவு காட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. சில இடங்களில் கம்பெனி கட்ட வேண்டிய பங்கையும் சேர்த்து 18,000 என்பார்கள். அப்போது கையில் வருவது ஆடிட்டர் ஆபீஸ் சம்பளத்துக்குப் பக்கத்தில் போய் நின்றுவிடும்.

குழந்தைகள் விஷயம். பயோடேட்டாவில் எழுத வேண்டாம். அப்பா பேர், கணவர் பேர், ஜாதகத்தில் இருக்கிற மீதி எல்லாவற்றையும் எழுதி அனுப்புகிறார்கள், எனக்கு அது எதற்குமே தேவையில்லை. நேரில் கேட்டால் மறைக்க வேண்டாம். ஆனால் "ரெண்டு பேர்" என்று மட்டும் சொல்லி நிறுத்திவிட்டால் எதிரில் இருப்பவர் மீதியைத் தானாகவே கற்பனை செய்துகொள்வார், தினமும் ஐந்து மணிக்குக் கிளம்பிவிடுவாள் என்று. அதற்கு இடம் கொடுக்காமல் ஒரே மூச்சில் சொல்லுங்கள்:

"ரெண்டு பேரும் ஸ்கூல் போறாங்க சார். ஆறரை வரைக்கும் பார்த்துக்க வீட்டுப் பக்கத்திலேயே ஆள் இருக்காங்க. மாசத்தில் ஜிஎஸ்டி தேதிகளில் எட்டு மணி வரைக்கும் இருக்க முடியும், முன்னாடியே சொன்னால் போதும். மத்த நாளில் ஆறுக்குக் கிளம்பணும்."

இப்படிச் சொன்ன ஒரு பெண்ணை நான் அன்றைக்கே எடுத்துக்கொண்டேன். தேதி தெரிந்தவள் என்று ஒரே பேச்சில் தெரிந்துவிட்டது. இதைக் கேட்டும் முகம் மாறினால் அந்தக் கம்பெனி உங்களுக்கு வேண்டாம். சேர்ந்த பிறகு தினமும் அதே முகத்தைத்தானே பார்க்கணும்.

கடைசியாக, அந்த மளிகைக் கடை. அதை ஏன் கடைசியில் கொண்டுபோய் வைத்தீர்கள்? பயோடேட்டாவில் மேலே வர வேண்டியதே அதுதான். "2021 முதல்: குடும்பப் பொறுப்பு, உடன் இரண்டு சிறு நிறுவனங்களுக்கு வீட்டிலிருந்து ஜிஎஸ்டி ரிட்டர்ன்" என்று ஒரு வரி. இடைவெளி என்று எவனும் கேட்க முடியாது. ஜாப் ஒர்க் யூனிட்டுக்குப் போடுகிறீர்கள் என்றால் டெலிவரி சலானும் (சரக்கோடு அனுப்புகிற சீட்டு) தெரிந்திருக்கும், அதையும் எழுதுங்கள். ஊரே ஜாப் ஒர்க்கில்தான் ஓடுகிறது.

படித்துக்கொள்ள வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. நீங்கள் விட்டபோது இ-இன்வாய்ஸ் (அரசு போர்ட்டலில் பதிவு பண்ணுகிற பில்) பெரிய கம்பெனிகளுக்கு மட்டும்தான், 2023 ஆகஸ்டிலிருந்து டர்ன்ஓவர் 5 கோடிக்கு மேல் என்றாலே போட வேண்டும். சிறு நிறுவனங்களுக்கு 45 நாளைக்குள் பணம் தராவிட்டால், பணம் கொடுத்த வருஷத்தில்தான் செலவாகக் காட்ட முடியும் என்ற விதியையும் பாருங்கள், நேர்முகத்தில் நான் கட்டாயம் கேட்பேன். ரெடிமேட் துணிக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு உருப்படி 2,500 ரூபாய் வரைக்கும் 5 சதவீதம், அதற்கு மேல் 18. எல்லாவற்றுக்கும் மேலாக, 2026 ஏப்ரலிலிருந்து புது வருமான வரிச் சட்டம். கான்ட்ராக்டர் டிடிஎஸ்ஸுக்கு 194சி என்று தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வோமே, அந்த நம்பரெல்லாம் போய்விட்டது. இருபது வருஷம் இந்த வேலையில் இருப்பவர்களும் இப்போது புதுசாகத்தான் படித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த வகையில் நீங்கள் திரும்பி வர இதைவிட நல்ல வருஷம் கிடையாது.

ஷிப்மென்ட் அப்பா

இடையில் ஒரு வார்த்தை. நானும் மெர்ச்சண்டைசர்தான். எங்களுக்கு ஏன் ஒன்பது மணி ஆகிறது என்றால் ஐரோப்பாவில் பையர் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகும்போது இங்கே சாயங்காலம், அமெரிக்கா பையர் கண் விழிப்பதே அதற்கும் பிறகு. சாயங்காலத்தை என்னால் மாற்ற முடியவில்லை, காலையை மாற்றினேன். எழுப்பி, குளிப்பாட்டி, டிபன் பாக்ஸ் கட்டி, வேன் ஏற்றுவது வரை நான். மனைவி எட்டரைக்கே கிளம்பி ஐந்தரைக்கு வந்துவிடுகிறார், அவர் கம்பெனியில் அரை மணி முன்னால் வர ஒத்துக்கொண்டார்கள். உங்கள் வீட்டுக்காரரிடம் இதைப் பேசிப் பாருங்கள் சிஸ்டர். பையர் யாரும் காலை ஏழு மணிக்குக் கூப்பிடுவதில்லை, அவருக்கே தெரியும்.

எக்ஸ்போர்ட் கம்பெனியில் சரக்கு எந்த நாட்டுக்குப் போகிறது என்றும் விசாரியுங்கள். 2025இல் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது அந்த ஒரே மார்க்கெட்டை நம்பியிருந்தவர்கள் பட்ட பாடு எங்களுக்குத் தெரியும்.

வீரபாண்டி அம்மா

ரொம்ப நன்றிங்க எல்லோருக்கும். பேரேடு அக்கா, சனிக்கிழமைக் கவரை நான் நினைத்தே பார்க்கவில்லை. இன்று எக்ஸ்போர்ட் கம்பெனிக்குப் போன் பண்ணிக் கேட்டேன். பாதிப் பேருக்கு பேங்க், பாதிப் பேருக்குக் கவர், கவர் போடுவது டைம் ஆபீஸாம். ஆனால் "சில சமயம் ஹெல்ப்புக்குக் கூப்பிடுவோம்" என்றார்கள். எட்டரை டு ஐந்தரை கேட்டுப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். காலை வேன் வேலையை வீட்டுக்காரர் ஒத்துக்கொண்டார், டிபன் மட்டும் நான் செய்து வைத்துவிட வேண்டுமாம்! வியாழக்கிழமை நேரில் வரச்சொல்லியிருக்கிறார்கள்.

ஒரு சிக்கல். பழைய ஆடிட்டர் ஆபீஸில் அனுபவச் சான்று வாங்காமலே வந்துவிட்டேன். இப்போது போய்க் கேட்டால் தருவார்களா?

பேரேடு

"சில சமயம்" என்றால் மாசத்துக்கு எத்தனை சனிக்கிழமை என்று வியாழக்கிழமை கேட்டுவிடுங்கள். ஒன்று என்றால் சரி, நாலு என்றால் அது சில சமயம் இல்லை.

சான்று கட்டாயம் தருவார், ஆறு வருஷம் இருந்திருக்கிறீர்கள். சேர்ந்த தேதி, விட்ட தேதி, என்னென்ன வேலை பார்த்தீர்கள் என்று நீங்களே டைப் அடித்து எடுத்துக்கொண்டு போங்கள், அவர் லெட்டர்ஹெட்டில் எடுத்துக் கையெழுத்துப் போட வேண்டியதுதான். ஆனால் நாளைக்கே போய்விடுங்கள். ஜூலை பிறந்துவிட்டால் எந்த ஆடிட்டரும் அக்டோபர் வரைக்கும் தலை நிமிர மாட்டார்.